மேகத்துளியை எண்ணும் கருவி, எடைபோடும் கருவி: எதை வாங்கலாம்?

மேகத்துளி அளக்கும் கருவிகளின் விளம்பரத் தாளில் முதலில் கண்ணில் படுவது "2 முதல் 50 மைக்ரான் வரை" என்ற வரிதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் இதையே சொல்கின்றன. அதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, "5 கிலோ வரை" என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தராசு சரியாக நிறுக்கும் என்று நம்புவதைப் போன்றது. பார்க்க வேண்டியவை வேறு: ஒரு நொடியில் எவ்வளவு காற்றைச் சோதிக்கிறது, எப்போது எண்ணத் தவறுகிறது, தவறினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன சென்டிமீட்டரில் 300 துளிகள், எல்லாமே 12 மைக்ரான் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மேகத்தின் ஒரு கன மீட்டரில் 0.27 கிராம் தண்ணீர் இருக்கும். கருவி விட்டத்தைப் 10 சதவீதம் கூட்டி 13.2 என்று படித்துவிட்டால், அதே மேகத்தில் 0.36 கிராம் என்று வரும். நீரின் அளவு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே விட்டத்தில் 10 சதவீதப் பிழை, நீரில் 33 சதவீதப் பிழையாக வீங்கிவிடுகிறது. துளிகளை எண்ணும் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு மேகத்தில் எவ்வளவு நீர் என்று சொல்ல முற்பட்டால் இதுதான் கதி. நீரை மட்டும் எடைபோடும் கருவியோ, அது 300 சின்னத் துளிகளா 30 பெரிய துளிகளா என்று சொல்லாது. எங்கள் கருத்து எளியது: இரண்டும் வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், எதை இழக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

சி.டி.பி: இன்றைய உழைப்பாளி

விமானத்தில் பொருத்த இன்று பெரும்பாலானோர் வாங்குவது, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டிராப்லெட் மெஷர்மென்ட் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் கிளவுட் டிராப்லெட் ப்ரோப், சுருக்கமாக சி.டி.பி. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009இல் தொடங்கிய கெய்பீக்ஸ் ஆய்வுப் பறப்புகளிலும் இதுதான் மேகத்துளிகளை எண்ணியது.

இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே 658 நானோமீட்டர் லேசர் கற்றை. துளி கற்றையைக் கடக்கும்போது முன்பக்கமாக 4 முதல் 12 பாகைக்குள் சிதறும் ஒளியைக் கருவி பிடிக்கிறது. ஒளி கூடினால் துளி பெரியது. துளிகளை அளவுவாரியாக 30 பெட்டிகளாகப் பிரித்துத் தருகிறது: 14 மைக்ரான் வரை ஒவ்வொரு மைக்ரானுக்கும் ஒன்று, அதற்கு மேல் 2 மைக்ரானுக்கு ஒன்று.

துளி கற்றையின் எந்த இடத்தில் கடந்தாலும் எண்ணிவிடாது. குவியத்துக்கு அருகே, ஏறக்குறைய 0.24 சதுர மில்லிமீட்டர் பரப்பில் கடந்தவற்றையே ஏற்கும். விமானம் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு நொடியில் சோதிக்கப்படும் காற்று 24 கன சென்டிமீட்டர். ஒரு சின்ன மருந்துப் புட்டி அளவு. நமது 300 துளி மேகத்தில் இது நொடிக்கு 7,200 துளி. புள்ளியியலுக்குத் தாராளம். ஆனால் 40 மைக்ரான் துளிகள் லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தால், 42 நொடிக்கு ஒன்றுதான் சிக்கும். அதற்குள் விமானம் 4 கிலோமீட்டர் தாண்டிவிடும். தூறல் எப்போது தொடங்குகிறது என்று பார்க்க சி.டி.பியின் கடைசிப் பெட்டிகளை நம்பக் கூடாது. விளம்பரத்தில் 50 வரை என்று எழுதியிருப்பது பொய்யல்ல. அங்கே எண்ண ஆள் வருவதில்லை, அவ்வளவுதான்.

பெரிய சிக்கல் வேறு. இரண்டு துளிகள் ஒரே நேரத்தில் கற்றைக்குள் நுழைந்தால், கருவி அதை ஒரே துளி என்று எண்ணுகிறது. ஆய்வகப் பேச்சில் இது கோயின்சிடென்ஸ். இதில் எண்ணிக்கை குறைவது பாதிக் கதை. இரண்டு 12 மைக்ரான் துளிகளின் ஒளி கூடினால், ஒளி ஏறத்தாழ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், கருவிக்கு அது 17 மைக்ரான் துளியாகத் தெரியும். அந்த ஒரு போலித்துளியின் கன அளவு, உண்மையான இரண்டு துளிகளின் மொத்தத்தைவிட 41 சதவீதம் அதிகம். துளி எண்ணிக்கை குறையும், நீர் அளவு கூடும். பார்ப்பவருக்கு "பெரிய துளிகள் கொண்ட தூய்மையான மேகம்" போலத் தோன்றும். உண்மையில் அது மாசு நிறைந்ததால் சின்னத் துளிகள் நெருங்கிக் கிடக்கும் மேகம். ஆய்வின் முடிவையே தலைகீழாக்கும் பிழை இது.

ஏற்கும் பரப்பு சிறியதாக இருந்தாலும், ஒளி உணரி பார்க்கும் பரப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதே காரணம். 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் துளி ஏவும் கருவி வைத்துப் படிப்படியாகக் காட்டியது. அதன்பின் உணரிக்கு முன்னால் 800 மைக்ரான் ஊசித்துளை வைத்துப் பார்வையைக் குறுக்கும் திருத்தம் வந்தது. பழைய சி.டி.பி கைமாறி வருகிறதென்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஊசித்துளை போடப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் கன சென்டிமீட்டருக்குச் சில நூறு துளிகளைத் தாண்டும் மேகங்களில், அதாவது நம் ஊர்ப் பருவமழைக்கு முந்தைய மாசுபட்ட மேகங்களில், தரவை அப்படியே எடுக்க முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். ஒவ்வொரு துளியின் வருகை நேரத்தையும் பதியும் வசதி சி.டி.பியில் உண்டு, ஆனால் ஒவ்வொரு பதிவு இடைவெளியிலும் முதல் 256 துளிகளுக்கு மட்டும்தான். ஒரு நொடி இடைவெளி வைத்தால், 7,200இல் 256. சென்டிமீட்டர் அளவில் துளிகள் எப்படிக் கொத்தாகக் கிடக்கின்றன என்று பார்க்க விரும்புபவருக்கு இது போதாது. அவர்கள் போல்டர் நகரின் ஸ்பெக் நிறுவனத்தின் எஃப்.சி.டி.பியைப் பார்க்கலாம், அது எல்லாத் துளிகளையும் தனித்தனியே பதிகிறது. அதற்கேற்பக் கோப்புகளும் பெருத்துவிடும், சேமிப்புக்கும் அலசலுக்கும் ஆள் வேண்டும்.

எஃப்.எஸ்.எஸ்.பி: தாத்தா

சி.டி.பிக்கு முன்பு துளிகளை எண்ணிய இந்த லேசர் கருவியை 1970களில் பார்ட்டிகிள் மெஷரிங் சிஸ்டம்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. ஹீலியம்-நியான் லேசர், 2 முதல் 47 மைக்ரான், 15 பெட்டிகள். முப்பது ஆண்டு மேக இயற்பியல் இதன் தோளில்தான் நின்றது. இன்று இதை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். ஒரு துளியைப் படித்தபின் மின்சுற்று மீண்டு எழச் சில மைக்ரோநொடி எடுக்கும்; அந்நேரத்தில் வரும் துளிகள் கணக்கில் இல்லை. சுற்றை மாற்றிய எஸ்.பி.பி-100 வடிவத்தில் இந்தக் குறை இல்லை. ஆனால் காற்று நுழையும் குழாய் அப்படியே இருக்கிறது. பனித்துகள்கள் அதன் விளிம்பில் மோதி உடைந்து நூற்றுக்கணக்கான சில்லுகளாகக் கற்றைக்குள் பாயும்; கருவி அவற்றையும் துளிகள் என்று எண்ணும். பனியும் துளியும் கலந்த மேகங்களில் எடுத்த பழைய தரவுகளைப் படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சி.டி.பிக்குக் குழாய் இல்லாமல் கைகள் மட்டும் இருப்பதன் பெரிய லாபம் இதுதான்.

சூடான கம்பி: தராசு

1978இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ ஆய்வாளர்கள் விவரித்த கிங் ப்ரோப், இந்த வகையின் நல்ல எடுத்துக்காட்டு. செப்புக் கம்பி சுற்றிய சிறு உருளை. அதன் வெப்பநிலையை மாறாமல் பிடித்துக்கொள்ள எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பது. துளிகள் மோதி ஆவியானால் செலவு கூடும். 2 மில்லிமீட்டர் தடிமன், 2 சென்டிமீட்டர் நீளம், நொடிக்கு 100 மீட்டர் வேகம், கன மீட்டருக்கு 0.5 கிராம் நீர் என்றால், நொடிக்கு 2 மில்லிகிராம் நீர் கம்பியில் படும். அதைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 5 வாட். எளிமையாக அளக்கக்கூடிய அளவு. அளவுத்திருத்தத்துக்கு, அதாவது தெரிந்த அளவை வைத்துக் கருவியைச் சரிபார்க்க, கண்ணாடி மணிகள் வேண்டாம், ஒளியியல் அட்டவணை வேண்டாம், இயற்பியல் நேரடியானது.

தொல்லை தருவது வறண்ட பகுதி. மேகமே இல்லாதபோதும் வீசும் காற்று கம்பியைக் குளிர்விக்கிறது. அதைக் கழிக்க வேண்டும். அது வேகம், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் பொறுத்து மாறும். ஒவ்வொரு பறப்பிலும் தெளிந்த காற்றில், வெவ்வேறு வேகங்களில், மேகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடமாவது பறந்து இந்த அடித்தளத்தைப் பிடித்துவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வந்த தரவில் 0.02, 0.05 கிராம் போன்ற மெல்லிய மேக அளவுகளுக்கு மதிப்பே இல்லை.

பெரிய துளிகளிலும் கம்பி ஏமாறும். 40 மைக்ரானை நெருங்கும் துளிகள் கம்பியில் மோதித் தெறித்து, ஆவியாகும் முன்பே காற்றோடு போய்விடும். மிகச் சிறியவை கம்பியில் படாமல் காற்றோடு வளைந்து நழுவும். ரஷ்யாவின் நெவ்சோரோவ் ப்ரோப்பில் உருளையோடு ஒரு குழிந்த கூம்பும் உண்டு. அது பனியையும் சேர்த்துப் பிடிப்பதால் இரண்டின் வேறுபாட்டிலிருந்து பனியின் பங்கு கிடைக்கும். இமயமலைப் பக்கம் பறப்பவர்களுக்கு இது உதவும். தமிழகத்தின் தாழ்வான, பனி இல்லாத வெப்பமேகங்களுக்கு எளிய கம்பியே போதும்.

சேர்த்து வைத்தால் என்ன தெரியும்

சி.டி.பி கணக்கிட்ட நீரைக் கம்பி அளந்த நீரால் வகுத்து, அந்த விகிதத்தைத் துளிச் செறிவுக்கு எதிராக வரைந்து பாருங்கள். விகிதம் எங்கும் ஒரே அளவில், ஆனால் ஒன்றிலிருந்து விலகி நின்றால், விட்டத்தின் அளவுத்திருத்தமோ ஏற்கும் பரப்போ தவறு. செறிவு ஏற ஏற விகிதமும் ஏறினால், கோயின்சிடென்ஸ். சராசரி விட்டத்துக்கு எதிராக வரைந்தபோது பெரிய துளிகளில் மட்டும் ஏறினால், குற்றம் கம்பியுடையது. அது நீரைச் சிந்துகிறது. ஒரே விகிதத்தை இரண்டு விதமாக வரைந்தால் மூன்று நோய்களையும் பிரித்தறிய முடிகிறது. எந்தத் தனிக் கருவியும், எவ்வளவு விலையானாலும், இதைத் தானாகச் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. இரண்டும் ஒரே காற்றுவேக எண்ணைப் பயன்படுத்துகின்றன. காற்றுவேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் அடைபட்டோ, மென்பொருளில் நிலையான வேகம் போட்டுவைத்தோ இருந்தால், இரண்டும் சேர்ந்தே தவறும்; விகிதம் அழகாக ஒன்று என்று காட்டும். கோப்பில் வேகம் மாறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மலைமேல், தரையில்

விமானம் இல்லாதவர்களுக்கு மேகம் தானாக வந்து சேரும் மலைகள் இருக்கின்றன. புனே நிறுவனம் 2012இல் மகாபலேஸ்வரத்தில் அமைத்த உயர்மலை மேக ஆய்வகம் இதற்காகத்தான். பருவமழை மாதங்களில் அது மேகத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அதே வாய்ப்பு உண்டு.

தரையில் சிக்கல் என்னவென்றால் காற்று வேகம் தானாகக் கிடைக்காது. சி.டி.பியை மொட்டைமாடியில் சும்மா நிறுத்தினால், நொடிக்கு 3 மீட்டர் காற்றில் சோதிக்கும் அளவு பரிதாபமாகச் சுருங்கும். நொடிக்கு ஒரு கன சென்டிமீட்டர்கூட வராது. காற்றை இழுக்கும் விசிறி வேண்டும். அதை உள்ளேயே வைத்து வருவது ஃபாக் மானிட்டர், எஃப்.எம்-120. சுமார் 15 மீட்டர் வேகத்தில் காற்றை உறிஞ்சி, அதே 0.24 சதுர மில்லிமீட்டர் வழியாகப் பார்க்கிறது; நொடிக்கு 3.6 கன சென்டிமீட்டர்.

உறிஞ்சுவதில் வினை இருக்கிறது. வெளிக்காற்று குழாய்க்கு நேராக வந்தால் பரவாயில்லை. குறுக்கே வந்தால் பெரிய துளிகள் திரும்ப முடியாமல் வாயோரத்தில் மோதி ஒட்டும். சின்னவை மட்டும் உள்ளே போகும். அளவுப் பரவலே சிறியதன் பக்கம் சாய்ந்துவிடும், நீரின் அளவோ இன்னும் மோசமாகக் குறையும். கருவியைக் காற்றுக்கு ஏற்பத் திரும்பும் மேடையில் வைப்பதே தீர்வு. மேடை இல்லையென்றால், பக்கத்தில் ஒரு மீயொலிக் காற்றுமானி வைத்து, குழாயின் திசையிலிருந்து காற்று 30 பாகைக்கு மேல் விலகிய நிமிடங்களைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றின்போது மேற்குத் தொடர்ச்சி மலை முகட்டில் காற்று ஒரே பக்கமாக வீசுவதால் இழப்பு குறைவு. பள்ளத்தாக்கில் தேங்கும் மூடுபனியில் பாதித் தரவு போய்விடும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்.

வேறு வழி, கெர்பரின் பி.வி.எம்-100. தனித்தனித் துளியைப் பார்க்காமல், சில கன சென்டிமீட்டர் காற்றில் உள்ள எல்லாத் துளிகளின் சிதறலையும் ஒன்றாகக் கூட்டி, நீர் அளவையும் மொத்தப் பரப்பையும் தரும். கோயின்சிடென்ஸ் என்ற பேச்சே இல்லை. அளவுப் பரவலும் இல்லை. மூடுபனி நீர் எவ்வளவு என்பது மட்டுமே கேள்வியென்றால் நல்ல கருவி.

பைசா குறைவான சோதனை ஒன்று உண்டு: பார்வைத்தூர மானி. நமது 300 துளி, 12 மைக்ரான் மேகத்தில் பார்வைத்தூரம் கணக்குப்படி 58 மீட்டர் வர வேண்டும். ஃபாக் மானிட்டரின் பரவலிலிருந்து கணக்கிட்ட தூரம் 150 மீட்டர் என்று வந்து, மானி 60 என்று காட்டினால், உங்கள் குழாய் துளிகளை விழுங்குகிறது.

அளவுத்திருத்தம்: மணிகளும் அவற்றின் பொய்யும்

ஒளிச்சிதறல் கருவிகளைக் கண்ணாடி மணிகள் வைத்துச் சோதிப்பது வழக்கம். குறைந்தது நான்கு அளவுகள் வாங்குங்கள். உதாரணமாக 8, 15, 20, 40 மைக்ரானை ஒட்டியவை. ஈரப்பதம் இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இரட்டையாகப் பறக்கும். முதல் நாளே அடுப்பில் உலர்த்தி, மூடிய புட்டியில் வையுங்கள். உலர்ந்த காற்றைச் சிறு அழுத்தத்தில் ஊதி, கற்றையின் நடுவே மெல்லிய தாரையாக விடுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் சில ஆயிரம் எண்ணிக்கை சேர்ந்ததும் உச்சம் எந்தப் பெட்டியில் என்று குறியுங்கள். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5ஐ ஒட்டியது, நீருக்கு 1.33. அதனால் மணி அதன் உண்மையான விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு உள்ள நீர்த்துளியாகத்தான் தெரியும், அதாவது 15 மைக்ரான் மணி 12ஐ ஒட்டிய பெட்டியில் விழும். சரியான எண்ணை, ஒளிச்சிதறலைக் கணக்கிடும் மீ கோட்பாட்டு அட்டவணையில் பார்த்து எடுங்கள். கருவி 15 என்றே காட்டினால் மகிழ வேண்டாம், அதுதான் தவறு.

சிறு அளவுகளில் இன்னொரு குழப்பம்: துளி வளர வளர ஒளி சீராகக் கூடாமல் ஏறி இறங்கி ஏறும். 10 மைக்ரானுக்குக் கீழே ஒரே ஒளி அளவுக்கு இரண்டு மூன்று விட்டங்கள் பொருந்தலாம். அங்கே தெரியும் கூரிய இரட்டை உச்சிகளை மேகத்தின் குணம் என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்துப் பெட்டிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

மணிகள் சொல்லாதது ஒன்று: ஏற்கும் பரப்பு. அது 20 சதவீதம் தவறாக இருந்தால் செறிவும் 20 சதவீதம் தவறு, மணிச் சோதனை அதைக் காட்டாது. ஒரே அளவுத் துளிகளை வரிசையாக ஏவி, கற்றையின் குறுக்கே நுண்ணிய அடியடியாக நகர்த்திப் படம் எடுத்தால்தான் தெரியும். அந்த வசதி தயாரிப்பாளரிடமும் சில ஆய்வகங்களிலும் மட்டுமே உண்டு. வாங்கும்போது உங்கள் வரிசை எண்ணுக்கு உரிய பரப்பு எழுதிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பொதுவான எண்ணை ஏற்க வேண்டாம்.

விலை கூடியவை, விலையே இல்லாதவை

ஆர்டியம் நிறுவனத்தின் ஃபேஸ் டாப்ளர் கருவி, வெட்டிக்கொள்ளும் இரண்டு லேசர் கற்றைகளின் ஒளிப்பட்டைகளைத் துளி எப்படி வளைக்கிறது என்பதிலிருந்து விட்டத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒளியின் பலத்தை நம்பாததால், சாளரத்தில் அழுக்குப் படிந்தாலும் விட்டம் மாறாது. துளியின் வேகமும் கிடைக்கும். காற்றுச் சுரங்க ஆய்வகத்துக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். களத்துக்கு, சீரமைக்கத் தெரிந்த ஆள் கூடவே இருந்தால் மட்டும். ஹோலோகிராம் கருவிகள் ஒரே நொடிப்பொழுதில் சில கன சென்டிமீட்டருக்குள் உள்ள துளிகள் அனைத்தையும் முப்பரிமாணத்தில் பதிகின்றன. அறிவியல் அருமை, ஆனால் ஒவ்வொரு படத்தையும் கணினியில் மீட்டெடுக்கும் வேலை தனிப் படிப்பு.

கல்லூரி ஆய்வகத்துக்கு? மக்னீசியம் ஆக்சைடு பூசிய கண்ணாடித் துண்டு இன்றும் சரிதான். மக்னீசியம் நாடாவை எரித்து அதன் வெண்புகையைக் கண்ணாடியில் சீராகப் படியவிடுங்கள். துளி மோதினால் பள்ளம் விழும். நுண்நோக்கியில் அளந்து, 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளுக்குப் பள்ளத்தின் விட்டத்தை 0.86ஆல் பெருக்கினால் துளியின் விட்டம். 10 முதல் 15 மைக்ரான் துளிகளுக்கு 0.75. இந்த எண்கள் 1950இல் மே என்பவர் கண்டவை. அகலமான கண்ணாடி வேண்டாம். 25 மில்லிமீட்டர் அகலத்தில் சின்னத் துளிகள் ஓரமாகச் சுற்றிப் போய்விடும். 5 மில்லிமீட்டர் துண்டாக வெட்டுங்கள். நமது 300 துளி மேகத்தில், நொடிக்கு 20 மீட்டர் காற்றில் சதுர மில்லிமீட்டரில் நொடிக்கு 6,000 துளிகள் மோதும் என்பதால், நொடியில் இருபதில் ஒரு பங்கு மட்டும் திறக்கும் மூடி வேண்டும். கூடினால் பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். 10 மைக்ரானுக்குக் கீழே எதுவும் பதியாது. அதற்கு மேல், இலட்சக்கணக்கில் விலை சொல்லும் கருவி பொய் சொல்கிறதா என்று சரிபார்க்க இது போதும்.

வாங்கியபின், பெட்டியோடு வரும் உதிரிகளைச் சரிபார்க்கும்போதே பஞ்சுக் குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் எடுத்துவையுங்கள். மலையில் பூச்சி, கடலோரப் பறப்பில் உப்பு. ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் சாளரத்தைத் துடைத்து, தெளிந்த காற்றில் அடித்தள மின்னழுத்தத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். அது வாரத்துக்கு வாரம் மெல்ல நகர்ந்தால், மணிகளை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.